எட்டு ஜிபி கார்டு

கடைக்கு வருகிறவர்களில் எனக்குப் பிடிக்காத ரகம் ஒன்று உண்டு. யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு எனக்கே பாடம் எடுக்க வருகிற ரகம். பழங்காநத்தத்தில் பதினெட்டு வருஷமாக, பாண்டியராஜன் என்று என் பெயரிலேயே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பொய் சொல்லி ஒரு பொருள் விற்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

தமிழ்மாறனையும் முதல் நாள் அந்த ரகத்தில்தான் சேர்த்தேன். வாடிப்பட்டிப் பக்கம் ஊர். சிவில் டிப்ளமோ முடித்தவன். கட்டப்போகிற வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது தொழில். கையில் ஒரு தாள். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 3060, மறுபக்கம் 3060 டிஐ என்று இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் விவரங்களைக் குண்டு குண்டாக எழுதியிருந்தான்.

"அண்ணே, டிஐல கோர் நாலாயிரத்து எண்ணூத்திச் சொச்சம். இதுல மூவாயிரத்து ஐநூத்திச் சொச்சந்தான். வேகம்னா டிஐதான். ஆனா அதுல மெமரி எட்டு ஜிபி, இதுல பன்னெண்டு. என் வேலைக்கு மெமரிதானண்ணே முக்கியம்?"

கோர் என்பது வேலை பார்க்கிற கைகள். மெமரி என்பது சாமானைப் பரப்பி வைக்கிற மேசை. எத்தனை கைகள் இருந்தாலும் மேசையில் இடம் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். அவன் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அந்த வாரம் முழுக்க கேம் விளையாடுகிறவர்களுக்கு டிஐயாக விற்றுத் தள்ளிய வாய் எனக்கு. தாளை வாங்கி மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினேன்.

"எம்புட்டு வருசமா கடை வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டு டிஐயக் கொண்டு போ."

கொண்டு போனான். ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்தான். "சின்ன வேலையெல்லாம் பறக்குதுண்ணே. எங்க சொந்த வீட்ட ஒண்ணு போட்டுக்கிட்டிருக்கேன், அது மட்டும் மெமரி பத்தலன்னு நின்னுருது. கார்ட விட்டுட்டு ப்ராசஸர்ல ஓட்டுனா மெஷினே ஆஃப் ஆயிருது. பன்னெண்டு ஜிபி மாத்திக்கிறட்டுமா?"

கடையில் கூட்டம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படம் போடத் தெரியாம கார்டு மேல பழி போடாதப்பா" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, "சரிண்ணே, வாரேன்" என்று போனான். வரவில்லை.

போன வாரம் அவன் அப்பா கண்ணுச்சாமி வந்தார். சிபியூவை வேட்டித் துணியில் சுற்றி, குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். நாலு வழிச்சாலையில் பைக்கில் போனவன் மேல் லாரி மோதி, மகன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வருசம் திரும்பிருச்சு தம்பி. இனி நல்ல காரியம் செய்யலாம்னுட்டாக. பேஸ்மட்டத்தோட நின்ன வீட்டுக்கு வெள்ளிக்கிழம வாசல் நிலை வைக்கணும். பழைய பிளான்ல வாசல் ஒரு பக்கம் இருக்கு. வாசல மாத்திட்டேன், படத்தப் போட்டுக் காட்டுறேன்னு அவன் அம்மாகிட்டச் சொல்லியிருக்கான். அந்தப் படத்தப் பாக்காம நிலை வைக்க விடமாட்டேங்குறா மலையம்மா. கொத்தனாரு காத்துக்கிட்டிருக்காரு. இதுக்குள்ளதான இருக்கும்?"

மெஷினைப் போட்டேன். 'வீடு' என்று ஒரு ஃபோல்டர். வீடு 1, வீடு 2 என்று முப்பத்தேழு ஃபைல்கள். 'படம்' என்று இன்னொரு ஃபோல்டர். அதில் ஒன்றுமில்லை.

கடைசி ஃபைலைத் திறந்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. வாசல் கிழக்கே இருப்பது எனக்குப் புரிந்தது.

"இது வீடு மாதிரியே இல்லையேப்பா" என்றார் கண்ணுச்சாமி. "இத எப்பிடி அவகிட்டக் காட்ட?"

படமாக்கும்படி கட்டளை கொடுத்தேன். சில நொடிதான். மெமரி போதவில்லை என்று சிவப்பு எழுத்து வந்தது. இன்னொரு முறை கொடுத்தேன். அதே எழுத்து. நான் நாலு பேரைச் சிரிக்கவைத்த அன்று அவன் சொன்னது இதைத்தான்.

எதனால் இத்தனை கனம் என்று ஃபைலைக் குடைந்தேன். முற்றத்து வேம்பை இலை இலையாகச் செய்திருந்தான். ஓட்டுச் சாய்ப்பு, மாட்டுக் கொட்டகை, அம்மாவின் புடவை காய்கிற கொடி. வெளி வேலை என்றால் மரத்தை எடுத்துவிட்டு முடித்துக் கொடுத்திருப்பான். முப்பத்தேழு முறை சேமித்தும், தன் வீட்டில் ஒரு இலையைக்கூட அவன் எடுக்கவில்லை.

அலமாரியில் ஒரு பன்னிரண்டு ஜிபி கார்டு விற்காமல் கிடந்தது. யார் கேட்டாலும் நான்தான் வேண்டாம் என்று சொல்லி வந்தேன். டிஐயைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். மெதுவான கார்டுதான். இருபது நிமிஷம் எடுத்தது. படம் சதுரம் சதுரமாகத் தெளிந்து வந்தது. காலை வெயில், வேம்பின் நிழல், அந்த நிழல் விழுகிற இடத்தில் வாசல்.

கண்ணுச்சாமி எழுந்து நின்றுவிட்டார். "கெழக்கதான் வச்சிருக்கான். அவ மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து ஒக்கார்ற எடம் அது." துண்டால் கண்ணைத் துடைத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"இம்புட்டு அழகா வச்சிருக்கானே. அவன் இத எத்தன தடவ பாத்திருப்பான் தம்பி?"

அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சாம்பல் பெட்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு இலையையும் மனதிலேயே பச்சையாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 

"தெனமும் பாத்திருப்பான்ணே" என்றேன். கடை திறந்த நாளிலிருந்து நான் சொன்ன முதல் பொய்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக் கொடுத்தேன். "இந்தக் கார்டு இதுலயே இருக்கட்டும்ணே. காசு வேணாம்" என்றேன்.

அவர் அவசரமாகத் தலையாட்டினார். "வேணாம் தம்பி. பழையதையே மாட்டிருங்க. பாண்டியராஜன் அண்ணே பாத்துக் குடுத்த கார்டு, நல்ல கார்டுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பான். அவன் வச்சிருந்தது அப்பிடியே இருக்கட்டும்."

பன்னிரண்டு ஜிபியைக் கழற்றினேன். எட்டு ஜிபியைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்து, திருகாணியை எடுத்தேன். அது விரலிலிருந்து நழுவி இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டு முறையும் கண்ணுச்சாமிதான் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.