இடதுதானே?

"நீ எதுக்குடா பதில் சொன்ன?"

"நீ எதுக்குக்கா கேட்ட?"

"உன்னையா கேட்டேன்? பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டேன்."

"பக்கத்துலதான் யாருமே இல்லையே! அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டாள். இருபத்திரண்டு வருடமாக விமானம் ஓட்டுகிறவள். தம்பி பொறியாளன். ஒரே விமானி ஓட்டும்படி அவன் நான்கு வருடமாக இழைத்து இழைத்து வடிவமைத்த விமானி அறையின் சிமுலேட்டருக்குள்தான் இருவரும் இருந்தார்கள். வலப்பக்க இருக்கையைப் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு திரையைப் பொருத்தியிருந்தான். இன்று கடைசிச் சோதனை. தேறாவிட்டால் நான்கு வருட உழைப்பும் அலமாரிக்குப் போய்விடும்.

எல்லாம் சொல்லிவைத்தாற்போல்தான் நடந்தது. இடது எஞ்சினில் தீ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா அதை அணைக்கும் நெம்புகோலில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. தீப்பிடித்ததை விட்டு நல்ல எஞ்சினை அணைத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் ஒருவர் கை வைக்க, இன்னொருவர் பார்த்துச் சொன்ன பிறகே இழுப்பது அவள் உடம்பில் ஊறிய பழக்கம்.

"இடதுதானே?" என்றாள் திரையிடம்.

திரை பச்சையாகக் கண்ணடித்தது. அவளுக்கு அது போதவில்லை. ஒரு நொடி, இரண்டு, மூன்று. பின்னால் மேற்பார்வை நாற்காலியில் இருந்த தம்பி, மூச்சைக்கூடச் சத்தமாக விடக் கூடாதவன், "இடதுதான்க்கா" என்றுவிட்டான்.

மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன பயன்? பதிவில் ஏறிவிட்டது.

இப்போது சோதனை முடிவை எழுதவேண்டிய படிவம் அக்காவின் கையில். 'விமானி யார் உதவியும் இன்றிச் செய்தாரா?' என்ற வரியில் பேனா நின்றது.

"உன் குரல் கேட்டதும்தான்டா கை நகர்ந்துச்சு. அவ்வளவு நிம்மதி."

"ஐயோ, அதை எழுதிடாதே!"

"சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடினா, 'எங்க அக்கா கதவுக்குப் பின்னாடி இல்லை'ன்னு கத்துவியே, ஞாபகம் இருக்கா? இன்னும் திருந்தலையே நீ!"

சிரிப்பு வந்தது அவனுக்கு. பாதியிலேயே முகம் சுருங்கியும் போனது. அதைப் பார்த்ததும் அக்கா பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள்.

அவன் எழுந்து கதவருகே போனான்.

"அக்கா, ஒரே ஒரு தடவை திரும்ப ஓட்டேன். நான் வெளியில நிக்கிறேன்."