மூன்றா, பதினொன்றா?

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை என் மனைவி வித்யாலக்ஷ்மியின் ஒற்றைத் தலைவலியிலிருந்து திருடினேன். "எழுதிக்கோங்கோ. ஆனா என்னைப் பாவமாக் காட்டப்படாது" என்றாள்.

2

பாலிகஞ்சில் அன்று மழை பிடித்துக்கொண்டு பெய்

(வேண்டாம். கொல்கத்தா என்றாலே மழைதானா?)

வித்யா மூன்று மாதத் தலைவலி டைரியை டாக்டரிடம் நீட்டினாள். ஆ, இப்படியே ஆரம்பிக்கலாம்.

"மாதம் மூன்று நாள்தானே? வலி வராமல் தடுக்கும் மாத்திரை இப்போதைக்கு வேண்டாமே" என்றார் அவர். (பேச்சு வங்காளமும் ஆங்கிலமுமாக நடந்தது. தமிழ் என் கைங்கரியம்.)

கூட வந்திருந்த எங்கள் பெண் மதுவந்தி, ஆறாம் வகுப்பு, குறுக்கே புகுந்தாள். "மூணு இல்ல, டாக்டர் காக்கு. பதினொண்ணு. அம்மாக்குத் தலைவலின்னா நான் டிவியை மியூட்ல போட்டுடுவேன். எனக்குத் தெரியாதா?" (காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா.)

"படுத்துண்ட நாளைத்தானேடி எழுதணும்? பேங்குக்குப் போன நாளெல்லாம் எப்படி சேரும்?"

(எங்கள் வீடுகளில் லீவு போட்டால்தான் நோய். மற்றதெல்லாம் 'லேசா இருக்கு'.)

3

டாக்டர் சிரிக்கவில்லை. மூன்றை அடித்துப் பதினொன்று என்று எழுதினார். மாத்திரை தொடங்கலாம், மூன்று மாதத்தில் பாதியாகக் குறைந்தால் நல்ல பலன் என்றார்.

"அடியோடு போகாதா?" என்று கேட்டவன் நான்தான்.

"அது உங்கள் ஆசை. இவருடைய இலக்கு என்ன?"

வித்யா யோசிக்கவே இல்லை. "வரேன்னு சொன்னா வரணும், டாக்டர். எத்தனை தடவை சொல்லிட்டுப் போகாம இருந்திருக்கேன்! ஒன்றரை வருஷமா இவ என்னை எதுக்கும் கூப்பிடறதே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் இதைக் கவனிக்கவே இல்லை.

[இங்கே உருக்கமாக ஒரு பத்தி இருந்தது. பாவமாகக் காட்டியதால் எடுத்துவிட்டேன்.]

4

முடிவு அ: மாத்திரை பலித்தது. அஷ்டமியன்று துர்கா பூஜைப் பந்தலில் மேளம் அதிர அதிர, தாயும் மகளும் கைகோத்து... சே, மாத்திரை விளம்பரம்!

முடிவு ஆ: பலிக்கவில்லை. வேறு மாத்திரை, மறுபடி டைரி... நானே படிக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். மாத்திரை தொடங்கி இது ஏழாவது வாரம். கடந்த நான்கு வாரத்தில், பேங்குக்குப் போன நாளையும் சேர்த்து, ஏழு நாள் வலி. பாதிக்கு இன்னும் வரவில்லை. இன்று காலை மதுவந்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மா, சனிக்கிழமை ஸ்கூல்ல எங்க டிராமா. வரியா?"

வித்யா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

என்ன பதில் சொன்னாள், சனிக்கிழமை போனாளா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மதுவந்தி கேட்டுவிட்டாள். எனக்கு அது போதும்.