கூம்பு பில்டர்

காரின் பவரைக் காதால் அளப்பவர்களைக் கண்டாலே மெக்கானிக் பெர்லினுக்கு ஆகாது. சங்கரன்கோவிலில் அந்த ரகத்துக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் தலையாய ஆள் சங்கரலிங்கம். பதினாறு விசைத்தறிக்குச் சொந்தக்காரர், டர்போ இல்லாத ஒரு பழைய பெட்ரோல் காருக்கும் சொந்தக்காரர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஆன்லைனில் வாங்கிய அலுமினியக் குழாயையும் அதன் நுனியில் செருகும், இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் சிவப்புக் கூம்பு பில்டரையும் கொண்டுவந்து ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்தார். பிள்ளை பெற்றவன் முகத்தில்கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது.

"இதப் போட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போவுமாம்லா!"

பெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினான். "டர்போ இல்லாத இன்ஜின் அண்ணாச்சி. அதுவா எவ்வளவு இழுக்கோ அவ்வளவுதான் காத்து. இப்ப இருக்க கம்பெனி பில்டர் டப்பா வெளிக்காத்த இழுக்கு. இது பானெட்டுக்குள்ள கெடக்க சூட்டுக்காத்தத்தான் இழுக்கும். இருக்க பவரும் கொறையும். டப்பாவ அப்படியே வச்சிக்கிட்டு, கழுவிப் போடுத பில்டர் ஒண்ணு உள்ள மாத்துங்க. போதும்."

"அதுல சத்தம் வருமா?"

"வராது."

"பெறவு அது எதுக்குவே?"

இதற்கு மேல் பேசுவது வாய்க்கு நஷ்டம் என்று பெர்லின் ஸ்பேனரை எடுத்தான். ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. சங்கரலிங்கம் காரை நிறுத்துவது தறிக்கூடத்து வாசலில். தினமும் சாயங்காலம் தறிகளைக் கம்ப்ரெசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வார்கள். பஞ்சு முழுக்க வாசல் வழியாகத்தான் வெளியே பறக்கும். ஒருமுறை பேட்டரி பார்க்கப் போய், தலையெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வந்தவன் பெர்லின். இந்தக் கூம்போ எண்ணெய் தடவியது, மூடியும் கிடையாது. ஒட்டிய பஞ்சு உதிராது.

சொல்ல வாயெடுத்தான். சங்கரலிங்கம் கூம்பைத் துண்டால் துடைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மரமண்டைக்கு எதற்குச் சொல்ல வேண்டும், பட்டுத் தெரியட்டும் என்று வாயை மூடிக்கொண்டு கூம்பை மாட்டிக் கொடுத்தான். அந்த எண்ணம் அவனுக்கு இனித்தது.

அந்த மாதம் அவனுக்கு வேறொரு பெரிய எதிர்பார்ப்பும் இருந்தது. பள்ளிக்கூடத் தாளாளர் ஞானையா ஆறு வேன்களின் பராமரிப்பையும் அவனிடமே விடலாம் என்றிருந்தார். கடைசி ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் முடிவு சொல்வதாகப் பேச்சு. அது மட்டும் கிடைத்துவிட்டால் வருடம் முழுக்க வேலை. இந்தச் சத்தப் பைத்தியங்களின் முகத்தில் விழிக்கவே வேண்டாம்.

சங்கரலிங்கமோ தினமும் சாயங்காலம் தறிக்கூடத்து வாசலில் பானெட்டைத் திறந்துவைத்து, ஆக்சிலேட்டரை மிதித்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் உறுமலைக் கேட்கக் கொடுத்தார். பின்னால் கம்ப்ரெசர் ஊதிக்கொண்டிருந்தது.

கடைசி ஞாயிறு. சர்ச் வாசலில் ஞானையா பெர்லினின் தோளில் கைவைத்து, "அப்போ தம்பி, வேன் விஷயம்..." என்று தொடங்கியபோது, ரோட்டில் இருமிக்கொண்டே வந்த கார் ஒன்று அவர்கள் முன்னாலேயே உயிரை விட்டது. இறங்கினார் சங்கரலிங்கம். கூட்டம் கூடியது.

பெர்லினுக்குக் கொண்டாட்டம். ஞாயிறு வேட்டியோடு பானெட்டைத் திறந்து, கூம்பைக் கழற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தான். சிவப்பைக் காணோம். மயிர் கத்தரிக்காத ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது.

"தறிப்பஞ்சு! மாட்டும்போதே நெனச்சேன், ஒரு மாசம் தாங்காதுன்னு. சத்தம் கேக்கணும்னு அலைஞ்சா இப்படித்தான்." கூட்டம் சிரித்தது.

ஞானையா சிரிக்கவில்லை. "மாட்டும்போதே ஒனக்குத் தெரியுமா தம்பி?"

"பாத்த ஒடனே தெரியும் சார்."

"அவர்ட்ட சொன்னியா?"

பெர்லின் தூக்கிப் பிடித்திருந்த கூம்பைக் கீழே இறக்கினான். "பஞ்சப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றார் சங்கரலிங்கம், கோபமே இல்லாமல்.

"எனக்கும் வண்டியப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, பாத்துக்க" என்றார் ஞானையா. "அந்த வேன்ல பிள்ளைங்க போவுது." தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கூட்டம் கலைந்தது. பெர்லினுக்கு அவமானத்தில் காது சுட்டது. கூம்பிலிருந்த பஞ்சு வேட்டியெல்லாம் ஒட்டியிருந்தது. சங்கரலிங்கம் மட்டும் பக்கத்திலேயே நின்றார்.

"பெர்லினு, இதக் கழுவிட்டு மறுபடி மாட்டிருவமா? சத்தம் நல்லாத்தானவே இருந்துச்சு."