வலத் தோளில் வைத்த பூ

பிரபாகர் காரை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் வந்தபோது, பூசாரி சின்னான் அம்மன் சிலையின் இரண்டு தோள்களிலும் ஈர அரளிப் பூவை ஒட்டிக்கொண்டிருந்தார். வலத் தோள் பூ விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் ஆகாது. மாமனார் காளியப்பன் வீட்டில் இதைக் கேட்காமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை.

இன்றைக்குக் கேட்பது ஷாலினிக்காக. அவன் மனைவி ரஞ்சனியின் தங்கை. ரஞ்சனி ஆடி மாதம் காய்ச்சலென்று படுத்தாள், எழவில்லை. தை பிறந்ததும் இரண்டு வீட்டாரும் கூடி, அக்காள் இருந்த இடத்துக்குத் தங்கையைக் கொடுப்பதென்று பேசி முடித்தார்கள். பிரபாகரைக் கேட்டார்கள். பூ சொல்கிறபடி செய்யலாம் என்றான். மறுத்துப் பேசத் தெம்பில்லை. பூ மறுத்துவிடும் என்று நம்பினான்.

ஷாலினிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது. ஆட்டையாம்பட்டியில் அவன் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடும் அறையில், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட வேலைதான். ரஞ்சனி போன பிறகு அவன் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. பாதியில் நின்ற பார்டர்களை ஷாலினிதான் முடித்துக் கொடுத்தாள். அவன் போட்டதைவிட நன்றாகவே இருந்தன. அதை அவளிடம் சொன்னதில்லை.

படியருகே காளியப்பன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லோணுங்க மாப்ள. ரஞ்சனிக்குக் கேட்டப்ப மொத ரெண்டு தடவையும் எடதுதான் உழுந்துச்சு. உங்களையேதான் கட்டுவேன்னு அழுதா. மனசு கேக்காம இன்னொருக்காக் கேட்டுட்டோம். இந்தத் தடவ அந்தத் தப்பு வேண்டாங்க. ஒருக்காத்தான்."

ரஞ்சனி இதைப் பிரபாகரிடம் சொன்னதேயில்லை. ஆகாது என்று சொல்லப்பட்டவனோடு, தெரிந்தே வந்து, சிரித்துக்கொண்டு வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

காற்றில் பூ விழுந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். வேர்த்தது. ஒரு பார்டரில் நூற்றுக்கணக்கில் பூ வைப்பவன் அவன். பிடிக்காததை ஒரு விரலால் அழித்துவிடுவான். இந்தப் பூவை அழிக்க எந்த விரலும் இல்லை. இடது பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். அது நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. எந்த நேரத்திலும் விழும் போலிருந்தது.

வலது பூ விழுந்தது.

மாமியார் சென்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காளியப்பன் கண்ணைத் துடைத்தார். பிரபாகர் ஷாலினியைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

தன்னால் முடியாதென்று மாமனாரிடம் மெல்லச் சொன்னான்.

"வாக்குக் குடுத்த பொறவு வேண்டாம்னா ஆத்தா உங்களக் கேக்க மாட்டா மாப்ள. எம்புள்ளையத்தான் கேப்பா. ஒண்ணப் பறிகொடுத்தாச்சு."

அவன் படித்தவன். வீட்டில் இருந்திருந்தால் சிரித்திருப்பான். இங்கே, அந்த ஒற்றைப் பூ தரையில் கிடக்கும்போது, சிரிக்க முடியவில்லை. சரி என்றால் அவள் வாழ்க்கை போகும். வேண்டாமென்றால் அவள் உயிரே போகலாம் என்கிறார்கள்.

ஷாலினி முன்னால் வந்தாள்.

"எங்கிட்டத்தானுங்களே கேப்பா? கேக்கட்டும், நான் பாத்துக்கறேன். நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க மாமா."

"இந்தக் கல்யாணம் வேண்டாங்க" என்றான் பிரபாகர்.

சின்னான் திரையை இழுத்து மூடினார்.

திரும்பும்போது மாமனார் காரில் முன்னால் உட்கார்ந்தார், மாமியாரும் ஷாலினியும் பின்னால். இத்தனை மாதமாக அவன் எதற்கும் பயந்ததில்லை. பயப்பட எதுவும் மிச்சமில்லை என்றிருந்தான். மல்லசமுத்திரம் தாண்டியதும் எதிரே போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று வந்தது. ரோடு அகலமாகத்தான் இருந்தது. அவன் மண்ணில் இறக்கி நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்தான்.

பின் சீட்டில் ஷாலினி தும்மினாள்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தூசிங்க" என்றாள்.