தோள் உயரத்துக்கு மேலே

1

இந்தக் கதை ஒரு சொல்லின் மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. தோள்மூட்டு அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு நுண்துளை அறுவை செய்வார்கள். சின்னத் துளைகள் வழியே கருவியை விட்டு, கிழிந்த சவ்வை இழுத்து எலும்போடு தைப்பது. அது பலிக்காவிட்டால் இன்னொரு முறை. அப்படி இரண்டாம் முறை செய்துகொண்டவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்று எங்கோ படித்துக்கொண்டிருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவன் எழுதாமல் இருப்பதற்காக எதையும் படிப்பான்.) மறுபடி நழுவியவர்கள் தோல்வி, மற்றவர்கள் வெற்றி என்று பிரித்திருந்தார்கள். கையைத் தூக்கவே பயந்துபோய், தூக்காமலே காலம் தள்ளுகிறவர் எந்தப் பக்கம்? நழுவவில்லையே, அப்படியானால் வெற்றிதானே. அந்த 'வெற்றி'தான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

2

முதல் தொடக்கம்: ஏணியின் உச்சியில் அவள் நின்றபோது வானம் —

வேண்டாம். வீட்டுக்குள் திரைச்சீலை மாட்டுகிறவளுக்கு வானம் எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: அவளுடைய வலது தோளானது முன்பக்கமாக —

மருத்துவச் சான்றிதழ் வாடை அடிக்கிறது. அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். வீடு வீடாகப் போய் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை மாட்டுவது அவள் தொழில். அவள் ஏணியில் ஏறுவாள், அவள் கணவன் ஏணியைப் பிடித்துக்கொள்வான். ஒரு நாள் கனமான துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபோது வலது தோள் நழுவியது. அறுவை, தொங்குகட்டு, பயிற்சி எல்லாம் முடிந்து, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். அடுத்த ஆண்டே, பேருந்தில் பின் இருக்கையில் இருந்தவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டத் திரும்பினாள். அவ்வளவுதான், மறுபடியும் போயிற்று. இரண்டாவது அறுவையும் ஆயிற்று.

3

(கணவனைப் பற்றி எனக்கு வந்த சந்தேகம்.)

முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். "வீட்டோட கெட" என்று அதட்டுகிற ஆள். கதைக்கு வசதியாக இருந்தது. எழுத எழுத அவன் அதற்கு மசியவில்லை. இரண்டாவது அறுவை முடிந்து அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் சமையலறையின் மேல் தட்டுகளைக் காலி செய்து எல்லா டப்பாக்களையும் கீழே இறக்கினான். துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டினான். முகம் பார்க்கும் கண்ணாடி, சாவி மாட்டும் ஆணி, எல்லாம் அவள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் வந்து சேர்ந்தன. ஏணியிலும் அவனே ஏற ஆரம்பித்தான். மொட்டைமாடிச் சுவர் பக்கம் போகவே பயப்படுகிறவன் அவன்.

* இங்கே 'அன்பு' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வீட்டில் அவள் தோள் நழுவ வழியே இல்லை. சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

4

டாக்டர் மறுபடி நழுவியதா என்று கேட்டார். இல்லை என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றவர், அவள் முழங்கையை மடக்கிக் கையை மெல்லப் பின்னால் சாய்த்தார். அவளுடைய இடது கை தானாகப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"கை நல்லாத்தாம்மா இருக்கு. உங்களுக்குத்தான் நம்பிக்கை வரல."

"இதையேதான் சார் முதல் தடவையும் சொன்னீங்க."

அவர் அவள் கையை மெல்ல மடியில் இறக்கி வைத்தார். (இந்த டாக்டரை எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான்.) முதல் அறுவை அளவுக்கு இரண்டாவதை உறுதியாகச் சொல்ல முடியாது, பலருக்குத் தாங்கும், சிலருக்குத் தாங்காது, நீங்கள் எந்தப் பக்கம் என்று கையை உபயோகித்தால்தான் தெரியும் என்றார். உபயோகிக்கலாம் என்றும் சொன்னார். வெளியே காத்திருந்த கணவனிடம் அவள் உபயோகிக்கலாம் என்ற பாதியைத்தான் சொன்னாள்.

(எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தேன். அடுத்தது வருகிறது, எனக்கு அதை எழுத மனசில்லை.)

5

வேலைக்குப் போன ஒரு வீட்டில் உயரமான ஜன்னல். மேலே கணவன். ஒரு கையால் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறு கையால் கொக்கியைத் தேடுகிறான். வீட்டின் சொந்தக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"இறங்குங்க."

முடியாது என்றான். நழுவினால் என்ன செய்வாய் என்று கேட்டான்.

"நழுவினா வலிக்கும். கத்துவேன். ஆனா இது நழுவாம பாத்துக்கறதுதான் இனிமே என் வேலையா? எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதாங்க."

இறங்கிவிட்டான். அவள் ஏறினாள். துணியின் பாரத்தை இடது தோளில் போட்டுக்கொண்டாள். வலது கை மார்புக்கு முன்னால் மடங்கியிருக்கிறது.

முடிவு ஒன்று: கை போகிறது, கொக்கி மாட்டுகிறது, கண்ணீர், சிரிப்பு. ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கு அப்படியே கொடுத்துவிடலாம்.

முடிவு இரண்டு: நழுவுகிறது. இனித் துளை போதாது, தோளைத் திறந்து எலும்புத் துண்டு வைத்துத் திருகாணி போட வேண்டும். 'நான் அப்பவே' என்று அவன் —

இல்லை, அவன் சொல்லமாட்டான். அவள்தான் அதை அவன் முகத்தில் தினம் தேடுவாள்.

முடிவு மூன்று: இடது கையால் மாட்டிவிட்டு இறங்கிவிடுகிறாள். நழுவவில்லை. வெற்றி.

இந்த மூன்றாவதை மட்டும் நான் எழுத மாட்டேன். அதற்கு அவளும் சம்மதிக்கவில்லை, இடது கையால் திரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டுவிட்டாள், இனிக் கொக்கிக்கு வலது கைதான். மற்ற இரண்டில் எதை எழுதினாலும் அது என் பயமோ என் ஆசையோதான், அவள் தோள் அல்ல. கீழே கணவன் கண்ணை இறுக்க மூடியிருக்கிறான்.

"கண்ணைத் திறங்க," என்கிறாள் குனியாமலே. "துணி நேரா விழுதான்னு கீழேருந்துதானே சொல்ல முடியும்."

அவன் திறந்துவிட்டான். இப்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பது நான்தான். வலது கை மார்பை விட்டு விலகிவிட்டது, துணி உரசும் சத்தம் எனக்குக் கேட்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.