பச்சை எத்தனை

அலைபேசி மூன்றாவது முறை அதிர்ந்தது. இருட்டறையில் நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டுவிட்டுச் சின்னவள் அலைபேசியைக் காதில் வைத்தாள். அத்தான்தான்.

"எங்கம்மா இருக்க? எல்லாரையும் வரச் சொல்லிட்டார் டாக்டர். அக்கா உன்னையேதான் கேக்குறா."

"ஒரே ஒரு படம் அத்தான். எடுத்துட்டு ஓடி வந்துடுறேன்."

குனிந்து பார்த்தாள். நீல விளக்குக்குப் பதிலாக ஊதா எரிந்துகொண்டிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! அக்காவின் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள், ஒருநாளும் விளக்கை மாற்றிப் போட்டதில்லை.

நுண்ணோக்கியின் கீழ்த் தட்டில் இருந்த செல்களின் புரதம் நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். ஊதா பட்டால் சிவப்பாகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் பச்சைக்குத் திரும்பாது. முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அதுவரை இருந்ததையெல்லாம் அக்காவே சிவப்பாக்கிவிட்டுப் போனாள். ஒன்பது வருஷமாக அவள் தட்டிக்கொட்டி அமைத்த மரபணு உண்மையிலேயே வேலை செய்தால், அதற்குப் பிறகு புதுப் பச்சை பிறந்திருக்க வேண்டும். பிறந்ததா என்பதுதான் அக்காவின் கேள்வி. இப்போது தட்டு முழுக்க ஒரே சிவப்பு. பழசு எது, புதுசு எது என்று கடவுளே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான். வெள்ளை மேலங்கியைக் கூடக் கழற்றாமல் ஓடினாள். என்ன பொய் சொல்வது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தாள்.

கட்டிலில் அக்கா பாதி ஆளாகக் கிடந்தாள். கண் மட்டும் பழைய கண்.

"பச்சை?"

"இருந்துச்சுக்கா. நிறைய."

"நிறையன்னா? எத்தனை செல்லுல?"

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம்.

"ஊதாவப் போட்டுட்டேன்க்கா. எல்லாம் போச்சு."

"இதை இப்பவா சொல்லணும்?" என்று அத்தான் பல்லைக் கடித்தார்.

அக்கா சிரிக்கப் பார்த்தாள். அது இருமலில் போய் முடிந்தது. "முழுப் பூசணிக்காய மறைக்கிறவ, கொஞ்சம் சோறாவது போட்டிருக்கணும்டி." மூச்சு வாங்கினாள். "அலமாரில கீழடுக்குல, டப்பாக்குப் பின்னால அதே மாதிரி இன்னொரு தட்டு வெளிச்சம் படாம சுத்தி வச்சிருக்கேன். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? நாலரை தாண்டுனா அதுவும் உதவாது. போ. பாத்துட்டு வந்து சொல்லு."

மணி நாலு. போய், தட்டை எடுத்துப் பார்த்துத் திரும்ப அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி அக்காவிடம் இருக்கிறதா? அத்தானைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போறேன்க்கா."

சொன்னாளே தவிர நகரவில்லை. அக்காவின் சொல்லை அவள் தட்டியதே கிடையாது. அக்காவை விட்டுப் போக அவளுக்குப் பயமாக இருந்தது.

கண்ணை மூடியபடியே அக்கா கேட்டாள். "போயிட்டியா?"

"இதோ, போறேன்க்கா."

நாலு இருபதுக்கு நர்ஸ் வந்து அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டிலோரத்து இயந்திரத்தை அணைத்தாள். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"போறேன்க்கா" என்றாள் சின்னவள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.