வராத நாளே இல்லாத பேச்சியம்மாள்

கண்ணாடிக்குள்ளே விரித்து வைத்திருக்கிறார்கள், வருகைப் பதிவேடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, மூன்றாம் வகுப்பு, அதற்கு மேலே மஞ்சள் விளக்கு வேறு, சாமிக்குப் போடுகிற மாதிரி, எங்கப்பா காலத்துல ஒரு புள்ள லீவு போடாதும்மா, கல்வி மேல அப்படி ஒரு வெறி, என்கிறார் பால்வண்ணன், அப்பாவின் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுக் கல்வி வரலாற்றுக் கூடம் என்று பலகை மாட்டிய மகராசன், என் மகள் தாமரை, டீச்சராக இருப்பவள், ஆமாங்க சார் என்று தலையாட்டுகிறாள், எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது, வெறியாம் வெறி, தலை குறைந்தால் சர்க்கார் உதவி நின்றுபோகும் என்கிற வெறி, அந்த வருசம் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் அவங்கப்பா, பெரிய சார், எங்கள் தெருவில் வந்து நிற்கிறார், தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஆடு பத்துவதுபோல் பத்திக்கொண்டு போகிறார், பசை காய்ந்த விரலோடு நான் பெஞ்சியில் உட்கார்கிறேன், ஏ புள்ள, இன்னைக்கு ஒம் பேரு பேச்சியம்மா, கூப்பிட்டா எந்திரிச்சு உள்ளேன் ஐயா சொல்லணும், வேற வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன், என்கிறார், அப்படி ஒரு பேச்சியம்மாவே ஊரில் கிடையாது, பதிவேட்டில் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் என்னைத்தான் பார்க்கிறார், பன்னிரண்டு பன்னிரண்டு எவ்வளவு, நூத்தி நாப்பத்து நாலு, ஒரு குரோசு பெட்டி, என்று பட்டென்று சொல்லிவிட்டேன், ஏழு குரோசு எவ்வளவு, என்கிறார், ஆயிரத்தி எட்டு, மனுசன் அசந்துபோய், சார், இந்தப் புள்ளைய விட்டுராதீங்க, என்கிறார், எம் மக மாதிரி சார், என்று பெரிய சார் கண்கலங்குகிறார், நடிப்பென்றால் அது நடிப்பு, நம்பித் தொலைத்தேன், எட்டு வயசுக் கழுதை, மறுநாள் விடியுமுன் குளித்து, எண்ணெய் வழிய வாரி, இனிமே பெட்டி ஒட்ட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடிப்போய் வாசலில் நிற்கிறேன், பெரிய சார் பல் குத்திக்கொண்டே, நேத்தோட முடிஞ்சு போச்சுல்ல, இன்னைக்கு எதுக்கு வந்த, போ போ, என்கிறார், அன்று நான் ஒட்டிய பெட்டியெல்லாம் கோணல்.

முப்பத்தைந்து வயதில் மகளுடைய புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டியவள் நான், இப்போது குனிந்து கூட்டுகிறேன், பே, ச், சி, அந்தப் பெயருக்கு நேரே, இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்ட தேதியில் ஒரு கோடு, சரி, மறுநாளும் கோடு, அதற்கு மறுநாளும், மாசம் முழுக்கக் கோடு, என்னை வாசலில் துரத்திவிட்டு உள்ளே போய், நான் வந்ததாகப் போட்டிருக்கிறான் பாவி, அம்மா எங்க படிச்சாங்க, என்று பால்வண்ணன் கேட்கிறார், அம்மா படிக்கல சார், என்று தாமரை கூச்சத்தோடு இழுக்கிறாள், யாரு சொன்னா, என்கிறேன், இந்தா பேச்சியம்மான்னு இருக்கேன், ஒரு நா லீவு போடல, படிக்க வந்தவள வாசல்லயே வெரட்டுன அன்னைக்கும் வந்ததாத்தான் போட்டிருக்காரு ஒங்கப்பா, பாருங்க, என்று அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைக்கிறேன், பால்வண்ணன் முகம் செத்துப்போகிறது, கண்ணாடியில கை வைக்காதீங்கம்மா, அழுக்காகும், என்கிறார், நான் ஐந்து விரலையும் வைத்து நன்றாகத் தேய்த்தேன்.